கை தவறியது என்று சொன்னவள்

கட்டடத்தில் எல்லோரும் அவளை வின்ச்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். செங்கல், ஜல்லி, கலவை, கம்பி எல்லாவற்றையும் மேல் மாடிகளுக்குத் தூக்கிக் கொடுக்கும் இயந்திரம்தான் வின்ச். மோட்டார் ஓட, உருளையில் இரும்புக் கயிறு சுற்றிக்கொள்ள, கயிற்றின் மறுமுனையில் தொங்கும் தொட்டி மேலே போகும். இறக்கும்போது பிரேக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அந்தப் பிடியில்தான் எல்லாம் இருக்கிறது. அதைப் பிடித்து உட்கார்ந்திருந்தவள் அவள்.

வேலைக்கு வந்த புதிதில் அவளும் மற்றப் பெண்களைப் போலத் தலையில் கலவைச் சட்டி சுமந்தவள்தான். வின்ச் ஓட்டிக்கொண்டிருந்த ஆள் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான். மேலே மூன்றாவது மாடியில் கொத்தனார்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். அவள் போய்ப் பிரேக்கைப் பிடித்தாள். தினமும் பக்கத்தில் நின்று பார்த்ததுதான் படிப்பு. அன்று மாலை மேலிருந்து இறங்கி வந்த கொத்தனார், "யாருய்யா இன்னிக்கு வின்ச்சுல? தொட்டி வந்து நிக்கிறதே தெரியல. பூனை மாதிரி வருது" என்றார். மறுநாளிலிருந்து அது அவள் வேலையாகிவிட்டது.

தகரக் கூரைக்கடியில் ஒரு முக்காலி, எதிரே இயந்திரம், மேலே அண்ணாந்தால் தொட்டி. கழுத்து வலி போயிற்று. சம்பளமும் கொஞ்சம் கூடிற்று. அதைவிடப் பெரிய விஷயம், மேலே நிற்கிறவர்கள் அவள் கையை நம்பி எட்டிக் குனிந்து தொட்டியைப் பிடித்தார்கள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் வேலை முடிந்து போகும்போது இயந்திரத்தின் மேல் ஒரு சாக்கைப் போர்த்திவிட்டுத்தான் போவாள். தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி இருக்கிறது என்று அவள் கணவர் கேலி செய்வார்.

கணவர் அதே கட்டடத்தில் கம்பி கட்டுபவர். வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. சாப்பாட்டு நேரத்தில் அவர் இருக்கும் பக்கம்தான் ஆட்கள் கூடுவார்கள். "வீட்டுல என் கடிவாளம் அவ கையில. இங்க வந்தா தொட்டியோட கடிவாளமும் அவ கையில. ரெண்டும் ஒண்ணுதான், எப்ப நிறுத்துவான்னு தெரியாது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் தூக்குச்சட்டியை மூடிக்கொண்டே, "பேசுறதுக்குக் கூலின்னா இந்நேரம் நீங்க மாடி வீடு கட்டியிருப்பீங்க" என்பாள். ஒரே மகள். பள்ளி இறுதி வகுப்பில் இருந்தாள். ஒற்றை அறை வீடு. சுவரோரம் மகளின் புத்தக அலமாரி, எதிர்ச் சுவரில் அடுப்பு. வாழ்க்கை அப்படி ஒன்றும் குறையாகப் போகவில்லை.

கயிறு கெட ஆரம்பித்ததை அவள்தான் முதலில் பார்த்தாள். இரும்புக் கயிறு என்பது மெல்லிய கம்பிகளை முறுக்கிச் செய்தது. பழசானால் ஒவ்வொரு கம்பியாக அறுந்து முள் முள்ளாக வெளியே நீட்டும். ஒரு காலையில் எண்ணெய் போடுவதற்காகத் துணியால் துடைத்தபோது, துணி ஓரிடத்தில் மாட்டிக் கிழிந்தது. மறுநாள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்புத் துணித் துண்டு ஒன்றை அந்த இடத்தில் கட்டி வைத்துவிட்டு சூப்பர்வைசரிடம் போனாள்.

சூப்பர்வைசர் சின்ன வயசுக்காரர். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. கையில் எப்போதும் இரண்டு செல்போன். இரண்டிலும் யாராவது அவரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

"சார், ரோப்பு பிரிஞ்சிருக்கு. மாத்தணும்."

"ஆபீசுக்குச் சொல்லியாச்சு வின்ச்சக்கா. வந்துடும்."

"எப்ப வரும் சார்?"

"இந்த வாரம் வந்துடும். அதுவரைக்கும் லோடு கொஞ்சம் கம்மியா ஏத்துங்க."

அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மறுபடி போய்ச் சொன்னாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே தலையை ஆட்டினார். லோடு குறைந்தால் மேலே வேலை தங்கும், தங்கினால் அவருக்குத் திட்டு விழும். ஆகவே கம்மியாக ஏற்றச் சொன்ன வாயே, "என்னக்கா, தொட்டி பாதி காலியா போவுது?" என்றும் கேட்டது. வீட்டில் அவள் இதைச் சொன்னபோது கணவர், "உன் ரோப்புக்கும் வயசாகுதுல்ல. முடி கொட்டத்தான் செய்யும்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மழை வரும்போல் இருந்தது. மழைக்கு முன்னால் கம்பிகளை மேலே ஏற்றிவிட வேண்டும் என்று அவசரம். பாதி உயரம் போனதும் தொட்டி சாரத்தின் சட்டத்தில் மாட்டிக்கொண்டு சாய்ந்தது. கம்பிகள் ஒரு பக்கமாகச் சரிந்து நீட்டிக்கொண்டன. சூப்பர்வைசர் சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் இருந்தது அவள் கணவர்தான்.

"கீழேர்ந்து நீளமா ஒரு கழியால தட்டி விடுப்பா, நேராயிடும்."

"தொட்டிக்கு அடியில யாரும் போகக் கூடாது சார்" என்றாள் அவள்.

"ஒரு நிமிஷம்தானே அக்கா. பிரேக்க கெட்டியா பிடிச்சுக்கங்க."

கெட்டியாகத்தான் பிடித்திருந்தாள். இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கணவர் கழியோடு போகிறபோது அவள் பக்கம் திரும்பி, புருவத்தை உயர்த்தி ஏதோ வேடிக்கை செய்தார். கழி தொட்டியில் பட்டது. தொட்டி ஒரு குலுக்குக் குலுக்கி நேரானது. அந்தக் குலுக்கலில் கயிறு அறுந்தது. பட்டென்று ஒரு சத்தம். அவள் கையில் பிரேக் அப்படியே இருந்தது. உருளையில் மிச்சக் கயிறு அறுந்த வாலோடு சுழன்று தகரக் கூரையை அடித்தது. அதன் பிறகுதான் தொட்டி விழுந்த சத்தம் கேட்டது.

கணவரின் வலது காலைத் தொடைவரை எடுத்துவிட்டார்கள். இடுப்பெலும்பிலும் விரிசல். தலையில் அடி இல்லை, ஆனால் அன்றைய நாளே அவருக்கு நினைவில் இல்லை. காலையில் டீ குடித்தது ஞாபகம் இருக்கிறது என்பார். பிறகு ஆஸ்பத்திரிக் கூரைதான். நடுவில் எல்லாம் வெறும் வெள்ளை.

தொழிலாளர் துறை அதிகாரி விசாரிக்க வந்தபோது வின்ச்சில் புதுக் கயிறு பளபளத்தது. மசகெண்ணெய் வாசனைகூடப் போகவில்லை. பழைய கயிறு எங்கே என்று அவர் கேட்டதற்கு, பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது என்றார்கள். அந்தக் கம்பெனி கட்டிக்கொண்டிருந்த மற்றக் கட்டடங்களிலும் அதே வாரத்தில் கயிறு மாற்றினார்கள். இத்தனை நாள் வராத கயிறு, ஒரு கால் போனதும் லாரி லாரியாக வந்தது. விபத்தைப் பார்த்தவர்கள் வேறு வேறு கட்டடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். போனில் கூப்பிட்டால் முதலில் நலம் விசாரித்தார்கள். சாட்சி என்ற பேச்சை எடுத்ததும், "பிள்ளகுட்டிக்காரன் அக்கா" என்றார்கள். பிறகு எடுப்பதே இல்லை.

தொழிற்சங்கத்தில் ஒரு வக்கீலம்மா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். படிகளில் ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்வார். இம்மாதிரி வழக்குகளிலேயே நரைத்தவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளை உட்கார வைத்து, குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னார்.

"நல்லா கேட்டுக்கம்மா. வேலை செய்யற இடத்துல அடிபட்டா முதலாளி பொறுப்பு. அதுல சந்தேகமே இல்ல. ஆனா எதனால அடிபட்டதுன்னு நாம சொல்லணும். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மெஷின் சரியில்லன்னு சொல்றது. ரோப்பு பழசு, சொல்லியும் மாத்தலன்னு. இன்னொண்ணு, கூட வேலை செய்யற ஆளோட கவனக்குறைவுன்னு சொல்றது. தொழிலாளி செஞ்ச தப்புக்கும் முதலாளிதான் பதில் சொல்லணும். சட்டம் அப்படித்தான் இருக்கு."

"மெஷின்தாம்மா சரியில்ல."

"எனக்குத் தெரியும்."

"அப்புறம் என்ன?"

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மெஷின் சரியில்லன்னு ஆயிட்டா, அது கிரிமினல் கேசாவும் போகும். மேனேஜர் உள்ள போக வேண்டி வரும். அதனால கடைசி வரைக்கும் சண்ட போடுவாங்க. மேல் கோர்ட்டு, அதுக்கு மேல் கோர்ட்டு. ரோப்பும் நம்மகிட்ட இல்ல. சாட்சியும் இல்ல. ரெண்டாவது வழின்னா இன்சூரன்ஸ்காரன் கொடுத்துட்டுப் போயிடுவான். கம்பெனி எதிர்க்காது. அவங்க வக்கீலே என்கிட்ட ஜாடையா சொல்லிட்டாரு."

"கூட வேலை செஞ்ச ஆளுன்னா?"

வக்கீலம்மா அவள் கைகளைப் பார்த்தார். அவளுக்குப் புரிய சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் இரண்டு கைகளையும் மடியிலிருந்து எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"பொய் சொல்லுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் வக்கீலம்மா. "நீ முதல் வழியில போனாலும் நான் உன்கூட வருவேன். எத்தன வருஷம் ஆனாலும் வருவேன். ஆனா அதுவரைக்கும் உன் வீடு எப்படி ஓடும்னு நீதான் சொல்லணும்."

வீடு எப்படி ஓடும் என்பது அவளுக்குத் தெரியும். கணவருக்கு இன்னொரு அறுவை பாக்கி இருந்தது. நாத்தனார், அவருடைய தங்கை, வந்து பார்த்துவிட்டுப் போகும்போதெல்லாம், கடனாகக் கொஞ்சம் வைத்துவிட்டு, பேச்சாக நிறைய வைத்துவிட்டுப் போனாள். மகள், "நான் படிப்ப நிறுத்திட்டு துணிக்கடைக்குப் போறேம்மா" என்று சொல்லியே விட்டாள்.

அவள் கணவரிடம் கேட்டாள். வேறு யாரிடம் கேட்பது? அவர் கட்டிலில் படுத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் கை தவறிடுச்சுன்னு சொல்லச் சொல்றாங்க."

"சொல்லிடு."

"நான் தப்பு பண்ணலைங்க."

"எனக்குத் தெரியாதா? நமக்குத் தெரிஞ்சா போதும். ஊருக்குத் தெரிஞ்சு என்ன, எனக்குக் கால் முளைக்கப் போகுதா?" பிறகு வழக்கம்போல ஒரு வேடிக்கை சொல்லப் பார்த்தார். "புருஷன் காலுக்கு வேட்டு வச்சவன்னு பேர் வாங்கினா உனக்கு ஒரு கெத்துதானே." வாய் கோணிற்று. இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

வக்கீலம்மா வீட்டில் ஒத்திகை நடந்தது. கேள்வி கேட்பார், அவள் சொல்வாள். கண்ணில் தூசி விழுந்தது. கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுத்தேன். மறு கையில் பிரேக் வழுக்கியது. தொட்டி இறங்கியது. தூசி என்பது வக்கீலம்மாவின் யோசனை. அது யாருக்கும் நடக்கக்கூடியது, கேட்பவருக்கும் மனம் இளகும் என்றார். முதலில் சொல்லும்போது அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சொல்லச் சொல்லச் சரளமாயிற்று. பேருந்தில் வரும்போது தானாகவே கை கண்ணுக்குப் போயிற்று.

நஷ்டஈட்டு அதிகாரியின் அறை சின்னது. மேலே மின்விசிறி கிறீச்சிட்டது. பின் வரிசையில் மேனேஜர் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். கணவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு மகள் வந்தாள். அவள் போய் நின்று தூசியைச் சொன்னாள், கையைச் சொன்னாள், பிரேக்கைச் சொன்னாள். அதிகாரி தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். முடிந்தது என்றுதான் நினைத்தாள். அப்போது கம்பெனி வக்கீல் எழுந்தார்.

"ஒரே ஒரு கேள்விம்மா. ரோப்பு எப்படி இருந்தது?"

இது ஒத்திகையில் இல்லை. அவள் வக்கீலம்மாவைப் பார்த்தாள். வக்கீலம்மா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின் வரிசையில் மேனேஜர் கால் மேல் போட்டிருந்த காலை எடுத்துக் கீழே வைத்தார். கை தவறியது என்று சொல்வது தன்னைத் தானே குறை சொல்வது. அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று வந்திருந்தாள். இது அவர்களை நல்லவர்களாக்குவது.

"ரோப்பு எப்படிம்மா இருந்தது?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புத் துணி கட்டிய அன்று, தன் பழைய பாவாடையிலிருந்து அதைக் கிழித்துக் கொடுத்தவள் அவள்தான்.

இன்சூரன்ஸ் பணம் வந்தது. அறுவை நடந்தது, செயற்கைக் கால் வந்தது, மகள் கல்லூரிக்குப் போனாள். அது இல்லாவிட்டால் இதில் ஒன்றும் நடந்திருக்காது. ஆகவே அவள் செய்தது தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல முடியாமல் போனதுதான் அவளை அரித்தது. தப்பு என்றால் வருத்தப்பட்டுத் தீர்க்கலாம்.

கணவருக்குக் கம்பிக் கடையில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தது. தூணுக்கும் உத்திரத்துக்கும் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்களை வளைத்துக் கொடுப்பது. கைக்கு வேலை, காலுக்கு ஓய்வு. அவளுக்கு மட்டும் வின்ச் வேலை கிடைக்கவில்லை. போன இடத்திலெல்லாம், "நீதானே அந்த…" என்று இழுத்தார்கள். ஒருவர், "உன்ன உட்கார வச்சிட்டு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, தெரிஞ்சே வச்சியான்னு என்னைக் கேப்பாங்கம்மா" என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் வாயாலேயே சொன்னதுதானே. மறுபடியும் தலையில் சட்டி ஏறியது. கழுத்து வலி திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

நாத்தனார் ஊரெல்லாம் சொன்னாள். அதைப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஒரு நாள், மழை பெய்துகொண்டிருந்த சாயங்காலம், கணவர் வெட்டுப்பட்ட இடத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏன்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"கோவப்படாத. அன்னிக்கி நிஜமாவே உன் கண்ணுல தூசி விழுந்துச்சா?"

சண்டையில் கேட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். அவர் சண்டையாகக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்டார். அவர் தலைக்குள் வெள்ளையாகக் கிடந்த இடத்தில் இத்தனை நாளில் மற்றவர்கள் சொன்னது ஒவ்வொன்றாக வந்து படிந்துவிட்டது. கோர்ட்டில் கேட்டது, தங்கை சொன்னது, கம்பிக் கடைக்கு வருகிறவர்கள் சொன்னது. எல்லாம் ஒரே மாதிரி இருந்தது.

"நீங்கதானே சொல்லச் சொன்னீங்க."

"ஆமா. சொல்லச் சொன்னேன். அதான் கேக்குறேன்."

"ரோப்பு அறுந்துச்சுங்க. என் கையில பிரேக் இருந்துச்சு."

"சரி" என்றார். "சரி, சும்மா கேட்டேன்."

அன்றிலிருந்து அவர் வேடிக்கை பேசுவது குறைந்தது. அவளுக்கு வேறொன்று ஆரம்பித்தது. அந்த நாளை நினைத்தால் முதலில் தூசிதான் வந்தது. ஒத்திகை பார்த்த நாட்கள் அதிகம், நடந்தது ஒரே ஒரு நொடி. பட்டென்ற சத்தத்தையும் கையில் அசையாமல் இருந்த பிரேக்கையும் அவள் தேடி எடுக்க வேண்டியிருந்தது. சில நாள் கிடைக்கும். சில நாள் கிடைக்காது. கிடைக்காத நாளில் வேலையில் யாரோடும் பேச மாட்டாள்.

மகள் படிப்பை முடித்த வருஷம், அவள் ஒரு பெரிய கட்டடத்துக்கு வேலைக்குப் போனாள். அதே கம்பெனியின் கட்டடம் என்பது போன பிறகுதான் தெரிந்தது. அந்தக் கம்பெனி இல்லாத தெருவே அப்போது இல்லை. அங்கே காலையில் வேலை தொடங்கும் முன் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துப் பாதுகாப்புப் பாடம் நடத்துவார்கள். பச்சைச் சட்டை போட்ட பாதுகாப்பு அதிகாரி ஒலிபெருக்கியோடு மேடை மேல் ஏறினார்.

"கவனம்னா என்னன்னு ஒரு உண்மைச் சம்பவம் சொல்றேன். நம்ம கம்பெனியிலேயே நடந்தது. ஒரு அம்மா வின்ச் ஓட்டினாங்க. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், பிரேக்கிலேர்ந்து கைய எடுத்தாங்க. கீழ நின்னது யாரு தெரியுமா? சொந்தப் புருஷன். காலே போயிடுச்சு."

பக்கத்தில் நின்ற பெண், "பாவி மக, புருஷன் காலையே வாங்கிட்டா போல" என்றாள். அவள், "ம்" என்றாள். மேடையில் பேசியவரின் குரல் எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தது, முன்தலை வழுக்கை. ஆனால் அதே சூப்பர்வைசர்தான். கயிறு வந்துடும் என்று சொன்னவர்தான் இப்போது பாதுகாப்பு அதிகாரி.

அவரும் பார்த்துவிட்டார். ஒலிபெருக்கியில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "சரி, எல்லாரும் வேலைக்குப் போங்க" என்று பாதியில் இறங்கிவிட்டார்.

டீ நேரத்தில் செங்கல் அடுக்குக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அக்கா, நீங்க இங்க இருக்கீங்கன்னு சத்தியமா தெரியாது."

"தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டீங்களா?"

"அது ஆபீஸ்ல எழுதிக் கொடுத்ததுக்கா. எல்லாக் கட்டடத்துலயும் இதத்தான் சொல்லணும். நானா சொல்றதில்ல."

"ரோப்ப பத்தி எழுதிக் கொடுக்கலையா?"

அவர் கீழே பார்த்தார். காலால் ஒரு செங்கல் துண்டைத் தள்ளினார். "நான் ஆபீசுக்குச் சொன்னேன் அக்கா. ரெண்டு தடவ சொன்னேன். அப்புறம் அவங்க என்னைக் கூப்பிட்டு, நீ சொல்லவே இல்லன்னு சொன்னாங்க. நானும் ஆமான்னேன். அப்பதான் எங்க வீட்டுல மாசமா இருந்தா."

அவளுக்குக் கோபம் வரும் என்று அவளே காத்திருந்தாள். வரவில்லை. தன்னை மாதிரியே இன்னொருத்தர் என்று மட்டும் தோன்றிற்று. வித்தியாசம், அவர் சொன்ன பொய்க்குப் பச்சைச் சட்டை கிடைத்தது.

"தலையில சுமக்காதீங்கக்கா. ஆபீஸ் பக்கம் கூட்டித் துடைக்க ஆள் வேணும். நிழல்லயே இருக்கலாம். நான் சொல்லி வைக்கிறேன்."

வேண்டாம் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். கதைகளில் அப்படித்தான் நடக்கும். அவள் கழுத்தைத் தடவிக்கொண்டாள். "எப்பலேர்ந்து வரணும்?" என்று கேட்டாள்.

ஆபீஸ் வராந்தாவிலிருந்து காலைப் பாடம் நன்றாகக் கேட்டது. அவர் பாடத்தை விடவில்லை, விட முடியாது. ஆனால் அதைக் கொஞ்சம் திருத்திவிட்டார். "ஒருத்தன் வின்ச் ஓட்டினான். ஒரு நிமிஷம் கைய எடுத்தான். கீழ நின்னது யாரு? சொந்தத் தம்பி." அவளுக்காகச் செய்த உபகாரம் அது. அவள் துடைப்பத்தைத் தரையில் அழுத்தித் தேய்த்தாள். கயிறு மட்டும் கதையில் அப்போதும் வரவே இல்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னாள். சூப்பர்வைசரைப் பார்த்தது, ஆபீசுக்கு இரண்டு தடவை சொன்னேன் என்று அவர் ஒப்புக்கொண்டது, பாடம் மாறியது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். கணவர் செயற்கைக் காலின் வாரைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப அவன் வாயாலயே சொன்னானா? ரோப்புதான்னு?"

"சொன்னாரு."

அவர் கழற்றிய காலைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். அது வழுக்கி விழுந்தது. அவள் எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"நீ சொன்னப்பவே நம்பியிருக்கணும்" என்றார்.

"நம்பலையா?"

அவர் சமையல் ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆகவில்லை என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள்.